தொங்கல் தொகுதியில் எழும் சத்தங்கள்: காரணங் கண்டறிதலும் திருத்துதலும்



மோட்டார் வாகனத்தின் தொங்கல் தொகுதி என்றவுடன் பாகங்களின் பெயர்களை மனனஞ் செய்து படத்தில் குறிப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். "வாகனம் மேடு பள்ளத்தில் செல்லும்போது முன்பக்கத்தில் சத்தம் எழுகின்றது. காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?" என்று வினவப்பட்டால் அந்தப் பெயர்ப் பட்டியல் மட்டும் உதவாது. கண்டறியும் முறை தெரிந்திருக்க வேண்டும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் கற்ற விசை, அமுக்கம், சக்தி, துருப்பிடித்தல் முதலியனவும் இதனுள் அடங்கும்.

முதலில் ஒரு சம்பவத்தைக் கூறுகின்றேன். எனது மாணவன் ஒருவனின் தந்தை வேன் ஓட்டுபவர். கல்குடாவிலிருந்து வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதே அவரது தொழில். அந்த வேனின் முன்பக்கத்தில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் எழத் தொடங்கியது. ஒரு திருத்துமிடத்தில் காட்டியபோது முன்பக்க ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. பின்னர் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றனர். அந்தப் பாஸ் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. பக்கத்து ஆசனத்தில் இருந்த மாணவனைப் பார்த்து, "மனே, எப்ப கேக்குது?" என்றார்.

"ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில விழுந்தாக் கேக்கும். வேகத்தடையில ரெண்டும் ஒண்டா ஏறினாக் கேக்காது" என்றான் அவன்.

பாஸ் நேரே சென்று ஒரேயொரு பாகத்தை அசைத்துப் பார்த்தார். அதுதான் தேய்ந்திருந்தது. அதன் விலை, முன்னர் மாற்றிய ஷொக் அப்சோபர்களின் விலையில் ஒரு சிறு பங்கே. அந்தப் பாகம் எது, மாணவன் கூறிய இரண்டு வாக்கியங்கள் அதை எவ்வாறு காட்டிக்கொடுத்தன என்பதைக் கீழே காண்போம்.

தொங்கல் தொகுதி செய்யும் வேலை

சில்லுகளுக்கும் வாகனத்தின் உடலுக்கும் இடையில் உள்ள இணைப்பே தொங்கல் தொகுதி ஆகும். வீதியின் மேடு பள்ளத்திற்கு ஏற்பச் சில்லு மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் உடல் அவ்வாறு குலுங்கக் கூடாது. டயரோ எப்போதும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றப் பல பாகங்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள் முதன்மையானவை வில்லும் அதிர்ச்சி உறிஞ்சியும் ஆகும். அதிர்ச்சி உறிஞ்சியையே ஷொக் அப்சோபர் என்கிறோம்.

குதிரை வண்டிகளுக்குப் பயன்பட்ட நீள்வட்ட இலைவில்லுக்கு ஒபடயா எலியட் என்ற ஆங்கிலேயர் 1804இல் காப்புரிமை பெற்றார். இன்று லொறிகளின் பின்பக்கத்தில் காணப்படும் ஸ்பிரிங் பிளேட் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. சுருளிவில்லும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாக அமைந்த முன்பக்க அமைப்பை உருவாக்கியவர் ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். 1950இல் வெளிவந்த ஃபோர்ட் கொன்சல் காரில் அது இடம்பெற்றது. இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இவ்வமைப்பே.

வில் நீளும் அல்லது சுருங்கும் அளவு, அதன்மீது தாக்கும் விசைக்கு நேர்விகிதசமமானது என்பது ஊக்கின் விதி. றொபேர்ட் ஊக் இதனை 1678இல் விளக்கி வெளியிட்டார். ஒரு கணிப்பைப் பார்ப்போம். 1000 கிலோகிராம் திணிவுள்ள கார் ஒன்றின் நிறை நான்கு சில்லுகளிலும் சமமாகப் பரவியுள்ளதென எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் ஒரு வில்லின்மீது தாக்கும் விசை 2500 நியூற்றன். இதனால் வில் 100 மில்லிமீற்றர் சுருங்கியிருப்பின், 1 மில்லிமீற்றர் சுருங்க 25 நியூற்றன் தேவை. 60 கிலோகிராம் திணிவுள்ள நால்வர் ஏறினால் ஒவ்வொரு வில்லுக்கும் மேலதிகமாக 600 நியூற்றன் கிடைக்கும். எனவே கார் 24 மில்லிமீற்றர் தாழும். ஆள் ஏறியதும் கார் தாழ்வது பழுதன்று. ஒரு பக்கம் மட்டும் எப்போதும் தாழ்ந்திருந்தால் அதுவே வில் தளர்ந்ததற்கோ முறிந்ததற்கோ அறிகுறி.

வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்த கார் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே செல்லும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. அதனுள் இருக்கும் எண்ணெய் மிகச் சிறிய துளைகளினூடாகத் தள்ளப்படுவதால் அசைவின் சக்தி வெப்பசக்தியாக மாறுகின்றது. வில் சக்தியைச் சேமிக்கின்றது. ஷொக் அப்சோபர் அதனை வெப்பமாக்கி வெளியேற்றுகின்றது. இவ்வேறுபாட்டை மாற்றி எழுதுவோர் உளர், கவனம்.

சத்தத்தைச் சொல்லில் பிடித்தல்

தமிழ்ப் பாடத்தில் இரட்டைக்கிளவி கற்றிருப்பீர்கள். கடகட, கிறீச்கிறீச், லொடலொட முதலியன இரண்டாகப் பிரித்தால் பொருள் தராதவை. இலக்கண வினாவுக்கு மட்டுமே இவை உதவும் என்று எண்ண வேண்டாம். கராச்சில் நிற்பவர் "ஏதோ சத்தம் கேக்குது பாஸ்" என்று கூறினால் பாஸுக்கு ஒன்றும் விளங்காது. "லொடலொட என்று கேக்குது" என்றால், எங்கோ ஒன்று தளர்ந்து கிடக்கின்றது என்பது விளங்கிவிடும். 'கிறீச்' என்றால் இரண்டு மேற்பரப்புகள் ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன. அங்கே உராய்வு அதிகம். 'டொம்' என்றால் பாரமான ஒன்று இன்னொன்றில் மோதுகின்றது. 'உம்ம்' என்ற இரைச்சல் சுழலும் பாகத்திலிருந்து வருவது.

ஆனால் சத்தத்தின் வகையை விட, அது எப்போது எழுகின்றது என்பதே முக்கியமானது. மட்டமான வீதியில் ஓடும்போதும் சத்தம் உண்டா? வேகம் கூடக் கூடச் சத்தமும் விரைவாகின்றதா? ஆம் எனில் பழுது சில்லோடு சுழலும் ஒன்றில் இருக்கலாம்: டயர், சில்லின் பெயாரிங், சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டு. மாறாக, மேடு பள்ளத்தில் மட்டும் எழுந்து, மட்டமான வீதியில் எந்த வேகத்திலும் எழாவிட்டால் தொங்கல் தொகுதியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பிறேக் பிடிக்கும்போது மட்டுமா, ஸ்டியரிங் திருப்பும்போது மட்டுமா, மழை நாளில் மறைகின்றதா, பாரம் ஏற்றினால் கூடுகின்றதா என்பவை அடுத்த கேள்விகள்.

சத்தம் எங்கிருந்து வருகின்றது என்று காதை மட்டும் நம்பிக் கூற முடியாது. ஒலி வளியில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்திலும் உருக்கில் 5000 மீற்றரிலும் கூடிய வேகத்திலும் செல்கின்றது. உருக்குத் தகடுகளாலான உடலினூடாகச் சத்தம் எங்கும் பரவுவதால், முன் இடப்பக்கத்தில் எழுவது பின் ஆசனத்தின் கீழே எழுவது போலத் தோன்றலாம். இதனாலேயே வாகனத்தை நிறுத்தி, ஒருவர் அதனைக் கையால் அழுத்தி ஆட்ட, மற்றவர் பக்கத்தில் நின்று பாகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கின்றனர். தேய்ந்த மூட்டில் வைத்த விரல், காதுக்கு முன்னரே அதனை உணர்ந்துவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதனைச் செய்யக் கூடாது.

எதற்கும் முன்னர் டிக்கியைத் திறந்து பாருங்கள். அங்கே தளர்ந்து கிடக்கும் ஜாக்கியும் மேலதிகச் சில்லும் எழுப்பும் சத்தத்திற்காக எத்தனையோ பேர் கராச்சுக்குச் செல்கின்றனர். அடுத்து வீல் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இது செலவற்றது, ஆனால் தவறவிட்டால் சில்லே கழன்றுவிடும்.

ஒரு சில்லும் இரு சில்லுகளும்

இனி அந்த வேனுக்கு வருவோம். பல வாகனங்களின் முன்பக்கத்தில் இடப்பக்கச் சில்லையும் வலப்பக்கச் சில்லையும் தொடுக்கும் வளைந்த உருக்குக் கோல் ஒன்று உண்டு. நிலைப்படுத்தும் கோல் அல்லது ஸ்டெபிலைசர் பார் என்பது அதன் பெயர். வளைவில் திரும்பும்போது வாகனம் ஒரு பக்கம் சரிவதை இது குறைக்கின்றது. கோலின் இரு முனைகளும் சிறிய இணைப்புத் தண்டுகள் மூலம் சில்லின் பக்கத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. கராச்சில் இதனை 'லிங்க்' என்பர்.

இரண்டு சில்லுகளும் ஒரே நேரத்தில் ஒரே அளவு உயர்ந்தால், கோல் தன் பிடிகளுக்குள் சற்றுச் சுழலுமேயன்றி முறுக்கப்படாது. எனவே லிங்க்குகளில் பெரிய விசை தாக்குவதில்லை. ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கோல் முறுக்கப்படும். லிங்க் ஒருமுறை இழுபடும், மறுகணம் தள்ளப்படும். அதன் மூட்டு தேய்ந்திருப்பின், திசை மாறும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் இடைவெளியில் உலோகம் உலோகத்தில் மோதும். அதுவே 'டக் டக்'. மாணவன் கூறிய இரண்டு வாக்கியங்களும் இதனையே காட்டின: ஒரு சில்லு விழுந்தால் உண்டு, இரண்டும் ஒன்றாக ஏறினால் இல்லை.

இதனை நீங்களும் சோதிக்கலாம். வீதியின் குறுக்கே நேராக அமைந்த வேகத்தடையில் மிக மெதுவாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின்னர் ஒரு பக்கச் சில்லு மட்டும் சிறு பள்ளத்தில் இறங்குமாறு ஓட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். புகையிரதக் கடவையும் இரு சில்லுகளையும் ஒன்றாகத் தூக்குவதே, ஆயினும் சோதனைக்கு அது உகந்த இடமன்று. கடவையில் மெதுவாக ஊர்வதும் நிற்பதும் ஆபத்து. தண்டவாளம் சாய்வாகக் குறுக்கிட்டால் முடிவும் பிழைக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமாயின் மெக்கானிக் இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். சத்தம் மறைந்தால் காரணம் அதுவே. லிங்க்கைக் கையால் அசைத்துப் பார்ப்பதாயின் இரண்டு முன் சில்லுகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் கோல் முறுக்கப்பட்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்வு வெளியில் தெரியாது. முதல் திருத்துமிடத்தில் இது நிகழ்ந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

'டொம்' என்ற சத்தம்

பெரிய பள்ளத்தில் விழும்போது மட்டும் பாரமான மோதல் கேட்டால் ஷொக் அப்சோபரையும் அதன் மேல்முனையில் உள்ள றப்பர் மவுண்டையும் பார்க்க வேண்டும். எண்ணெய் கசிந்த ஷொக் அப்சோபரின் உடல் ஈரமாகி மண் ஒட்டிக் காணப்படும். வாகனத்தின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுவது பழைய சோதனை. மேலெழுந்து உடனே அமைந்தால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷொக் அப்சோபர் வலுவிழந்துள்ளது. ஆனால் இச்சோதனையில் தேறியதால் அது முற்றிலும் நல்லது என்று கூற முடியாது. கையின் அழுத்தம் வீதியின் அடிக்கு ஈடாகாது.

வாகனம் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று வில் தெறிக்கும் சத்தம் எழலாம். மேல் மவுண்டில் உள்ள பெயாரிங் இறுகிப்போனதே இதற்குக் காரணம். சில்லோடு திரும்ப வேண்டிய வில், மேலே பிடிபட்டு முறுக்கேறிப் பின் திடீரென விடுபடுகின்றது. பொனட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப மற்றவர் மவுண்டின் மேல் கை வைத்தால் அந்த உதறலை உணரலாம்.

ஷொக் அப்சோபர்களை மாற்றுவதாயின் ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் சேர்த்தே மாற்றுவர். ஒன்று புதிதும் மற்றது பழையதுமாயின் பிறேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் இரு பக்கமும் ஒத்து நடக்காது. சுருளிவில்லைக் கழற்றும் வேலையை எக்காரணங் கொண்டும் வீட்டில் முயல வேண்டாம். மேற்கூறிய கணிப்பில் வந்த வில்லை 150 மில்லிமீற்றர் சுருக்கினால் அதில் ஏறத்தாழ 280 யூல் சக்தி சேமிக்கப்பட்டிருக்கும். 10 கிலோகிராம் கல் ஒன்று 2.8 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்தி அது. வில்லைப் பிடித்துச் சுருக்கும் உரிய கருவி இன்றி மேல் நட்டைக் கழற்றினால் அவ்வளவும் கழற்றுபவரின் முகத்தை நோக்கியே வரும்.

'கிறீச்' என்ற சத்தம்: றப்பரின் கதை

உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று நேராக மோதாதிருக்க மூட்டுகளில் றப்பர் புஷ் வைக்கப்படுகின்றது. றப்பர் நமக்கு நெருக்கமான பொருள். ஆசியாவில் முதன்முதலாக 1876இல் றப்பர்க் கன்றுகள் நடப்பட்ட இடங்களுள் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவும் ஒன்று. ஆயினும் வாகனத்தின் அடியில் இருக்கும் றப்பரை எவரும் நினைப்பதில்லை. வெயிலும் வெப்பமும் வளியும் பட்டு அது காலப்போக்கில் இறுகி வெடிக்கின்றது.

வெடித்த புஷ் இரண்டு விதமாகச் சத்தமிடும். றப்பர் காய்ந்து உலோகத்தோடு உராய்ந்தால் 'கிறீச்'. கிழிந்து இடைவெளி விழுந்தால், பிறேக் பிடிக்கும்போதும் விடும்போதும் 'டக்' என்று ஒருமுறை. முதல் வகையைக் கண்டறிய மிக எளிய வழி தண்ணீர். ஒருவர் வாகனத்தை மேலும் கீழும் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு புஷ்ஷாகச் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். எதில் பட்டவுடன் சத்தம் மாறுகின்றதோ அதுவே குற்றவாளி. மழை நாளில் சத்தம் மறைந்து வெயில் நாளில் திரும்புவதும் இதே காரணத்தால்தான். எல்லாப் புஷ்களிலும் ஒரே நேரத்தில் ஊற்றினால் எது என்று தெரியாமற் போய்விடும்; ஒன்றன்பின் ஒன்றாகவே செய்க. விஞ்ஞானப் பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாது வைத்திருப்பது போன்றதே இது.

இங்கே பலர் செய்யும் தவறு, பழைய எஞ்சின் எண்ணெயையோ கிறீஸையோ பூசுவது. சத்தம் சில நாட்களுக்கு அடங்கும். ஆனால் பெற்றோலிய எண்ணெய் இயற்கை றப்பரை ஊதச் செய்து மென்மையாக்கிவிடும். காய்ந்த புஷ்ஷுக்கு உண்மையான திருத்தம் அதனை மாற்றுவதே.

மாற்றும்போதும் ஒரு நுட்பம் உண்டு. பல புஷ்களில் றப்பர் உள் உலோகக் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும். அது சுழல்வதில்லை, முறுகி மீள்கின்றது. வாகனம் ஜாக்கியில் நிற்க, சில்லு தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை முழுமையாக இறுக்கினால், வாகனம் நிலத்தில் இறங்கியதும் புஷ் முறுகிய நிலையிலேயே நிற்கும். சும்மா நிற்கும்போதும் முறுகியிருக்கும் றப்பர் விரைவில் கிழிந்துவிடும். எனவே முதலில் இலேசாக இறுக்கி, வாகனத்தின் நிறை சில்லுகளில் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். "புதுப் புஷ் போட்டும் நிற்கவில்லை, சாமான் தரமில்லை" என்ற முறைப்பாடுகளில் சில உண்மையில் இந்த இறுக்கலின் பிழையே.

பந்துக்கிண்ண மூட்டு: தள்ளிப்போடக் கூடாதது

மனித உடலில் இடுப்பு மூட்டு பந்துக்கிண்ண மூட்டு என்று விஞ்ஞானத்தில் கற்றீர்கள். காரின் முன் சில்லைத் தாங்கும் போல் ஜொயின்ட் அதே அமைப்பு. கிண்ணத்துக்குள் அமர்ந்த உருக்குப் பந்து, சில்லு மேலும் கீழும் செல்லவும் இடம் வலமாகத் திரும்பவும் இடமளிக்கின்றது. அதன் மேல் ஒரு றப்பர் உறை இருக்கும். உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், மணலும் உப்புநீரும் உள்ளே புகும். கல்குடா, பாசிக்குடாக் கரையோர மணலில் ஓடும் வாகனங்களுக்கு இது பொதுவான முடிவு. மணல் தேய்க்கும், உப்பு அரிக்கும்; பந்து கிண்ணத்தில் ஆடத் தொடங்கும்.

லிங்க் தேய்ந்தால் காது நோகும், அவ்வளவே. போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு பக்கவாட்டில் மடிந்து வாகனம் கட்டுப்பாட்டை இழக்கும். இரண்டும் 'டக்' என்றே ஒலிக்கலாம் என்பதுதான் பயங்கரம். எனவே திரும்பும்போதோ பிறேக் பிடிக்கும்போதோ முன்பக்கத்தில் 'டக்' கேட்டால், ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் இழுத்தால், வாகனத்தைப் பாவிப்பதை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

சோதனை இவ்வாறு. மக்பர்சன் அமைப்புள்ள காரில் உடலைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டால் கீழ் மூட்டின் மீதிருந்த பாரம் நீங்கும். வில் கீழ்க்கையின் மேல் அமர்ந்துள்ள வாகனங்களில் அவ்வாறு செய்தால் வில்லே மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே கீழ்க்கையின் அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும். பின்னர் சில்லைக் கடிகார முகமாக எண்ணி 12ஐயும் 6ஐயும் பிடித்து முன்பின்னாக அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பழுது பெயாரிங்கில். நிற்காவிட்டால் போல் ஜொயின்டில். 3ஐயும் 9ஐயும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் முனை மூட்டுகளைப் பார்க்க வேண்டும். இம்மூட்டுகளை மாற்றிய பின்னர் சில்லுகளின் நேர்ப்படுத்தலைச் சரிபார்ப்பது அவசியம். இல்லையேல் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

மீன் ஏற்றும் லொறி

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் இட்ட மீனை ஏற்றிச் செல்லும் லொறிகளைக் கவனித்திருப்பீர்கள். உருகிய ஐஸ்நீர் உப்புக் கலந்து பின்பக்கத்தால் சொட்டுச் சொட்டாக வடியும். வடிவது எதன் மேல்? இலைவில்லின் மேல்.

இலைவில் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் ஒரு போல்ட்டால் துளைத்துப் பூட்டிய உருக்குத் தகடுகள். பாரம் ஏறும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு அதனை விரைவாக்கும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தகடுகளுக்கு இடையே துரு ஏறினால் சறுக்கல் கடினமாகி 'கிறீச்' என்று முனகும். அந்தத் துருப்பிடித்த குழிகளிலிருந்தே வெடிப்பு தொடங்கி ஒருநாள் தகடு முறியும். எனவே வேலை முடிந்ததும் நன்னீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவது சத்தத்திற்கும் மருந்து, ஆயுளுக்கும் மருந்து.

அச்சோடு வில்லைப் பிணைக்கும் 'யூ' வடிவப் போல்ட்டுகள் தளர்ந்தால் பாரம் ஏற்றிப் புறப்படும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் 'டொக்' என்று கேட்கும். அதனைக் கவனியாது விட்டால் நடுப் போல்ட் முறிந்து அச்சே பின்னுக்கோ முன்னுக்கோ நகரும். பின்னால் செல்பவர்களுக்கு அந்த லொறி நண்டு போலச் சற்றுச் சரிந்து ஓடுவதாகத் தோன்றும். அத்தகைய லொறியை ஏ15 வீதியில் வேகமாக ஓட்டுவது ஆபத்தாகும்.

மணல் நிலத்தில் ஜாக்கி

மேலே கூறியவற்றுள் ஜாக்கி தேவைப்படும் சோதனைகளை நீங்கள் தனியே செய்யக் கூடாது; பெரியவர் ஒருவருடன் நின்று உதவலாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழ் எவரும் தலையை நீட்டக் கூடாது. தாங்கி வைத்து, நிலத்தில் உள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பின்னரே வேலை.

கல்குடாவின் மணல் நிலத்தில் இன்னொரு சிக்கல். ஜாக்கியின் அடித்தளம் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் எனில் பரப்பளவு 0.01 சதுர மீற்றர். அதன்மீது 5000 நியூற்றன் தாக்கினால் அமுக்கம் 500 000 பஸ்கால். அதன் கீழ் 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள தடித்த சதுரப் பலகையை வைத்தால் பரப்பளவு 0.09 சதுர மீற்றராகி, அமுக்கம் ஏறத்தாழ 55 600 பஸ்காலாகக் குறையும். ஒன்பதில் ஒரு பங்கு. பலகை மெல்லியதாயின் நடுவில் வளைந்து இப்பயன் கிட்டாது.

மாதிரி வினா

வான் ஒன்று மட்டமான வீதியில் சத்தமின்றி ஓடுகின்றது. வேகத்தடையில் இரு முன் சில்லுகளும் ஒன்றாக ஏறும்போது 'கிறீச்' என்ற சத்தம் எழுகின்றது. மழை பெய்தால் மறைகின்றது. பழுதுள்ளதெனச் சந்தேகிக்கக்கூடிய பாகம் யாது? காரணம் கூறி, அதனை உறுதிசெய்யும் முறையையும் திருத்தும் முறையையும் விளக்குக.

விடை: மட்டமான வீதியில் சத்தம் இல்லாமையால் சில்லோடு சுழலும் பாகங்கள் காரணமல்ல. சத்தம் உராய்வினால் எழுவது. ஈரத்தில் மறைவதால் காய்ந்த றப்பர் புஷ் என்று சந்தேகிக்கலாம். கீழ்க்கையின் புஷ்களையும் நிலைப்படுத்தும் கோலைத் தாங்கும் புஷ்களையும் சோதிக்க வேண்டும். இரு சில்லுகளும் ஒன்றாக உயரும்போதும் கோல் அப்புஷ்களுக்குள் சுழல்வதால் அவை உராயும். வாகனத்தை நிறுத்தி ஆட்டியவாறு ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியே தண்ணீர் தெளித்துச் சத்தம் மாறும் இடத்தைக் கண்டறியலாம். அந்தப் புஷ்ஷைப் புதிதாக மாற்ற வேண்டும். அது கீழ்க்கையின் புஷ் ஆயின், வாகனத்தின் நிறை சில்லுகளில் அமர்ந்த பின் போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். பெற்றோலிய எண்ணெய், கிறீஸ் என்பவற்றைப் பூசக் கூடாது.